பன்னிரண்டரை அடிக் கம்பு

ஈப்போவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பழைய நகரத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். சுவரில் வரைந்த படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள், வெள்ளைக் காப்பி குடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவராவது தலையைத் தூக்கி மேலே பார்த்ததாக ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்த ஊர் மேலேதான் இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் வயர் இழுக்கிற வேலை பார்த்தவனுக்கு வேறு எப்படித் தெரியும்? நான் குடியிருக்கிற புந்தோங்கில் எந்த வீட்டு மாமரம் எந்தக் கம்பத்தை உரசுகிறது, எந்தத் தெருவில் யார் துணிக்கொடியை வழிக்கு மேலே கட்டியிருக்கிறார்கள், எல்லாம் கேட்டால் சொல்வேன். அந்த வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

என் பெயர் பத்துமலை. வயது அறுபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் கேட்க வேண்டாம்.

எங்கள் காளியம்மன் கோவில் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மூங்கில் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ரதம் போகிற வழி முழுக்க நடப்பேன். ரதம் கலசத்தோடு சேர்த்துப் பதினொன்றரை அடி. கம்பு பன்னிரண்டரை. உச்சியில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். எங்கும் இடிக்காமல் போனால் "போகும்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவேன். இடித்தால் கிளையை வெட்டச் சொல்வோம், வயரைத் தூக்கிக் கட்டச் சொல்வோம். எதற்கும் வழியில்லை என்றால் அந்தத் தெருவில் ரதம் போகாது. அதைச் சொல்கிறவனும் நான்தான். திருவிழா அன்றைக்கு ரதத்துக்கு இருபதடி முன்னால், அண்ணாந்து பார்த்தபடி, அதே கம்போடு நடப்பேன். ரதம் கிளம்பும் முன் அம்மனுக்குப் போட்ட மாலைகளில் ஒன்றை எடுத்துக் கம்பு பிடிக்கிறவன் கழுத்தில்தான் முதலில் போடுவார்கள்.

இந்த வழக்கம் ரொம்பப் பழையது இல்லை. செமோர் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது அம்மனை லாரியில் ஏற்றிப் புந்தோங்குக்குக் கொண்டுவந்தோம். வழியில் ஒரு வயர் அம்மன் தலைக்கு மேலே கட்டியிருந்த பந்தலைப் பிடித்து இழுத்துவிட்டது. லாரி மேல் ஏறிக் கையில் கிடைத்த கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம் கம்பு என் கையில்தான் இருந்தது. 'இருந்தது' என்று ஏன் சொல்கிறேன் என்பதுதான் இந்தக் கதை.

இந்த வருஷம் கம்போடு நடந்தபோது கூட ஒரு பெண்ணும் வந்தாள். விக்னேஸ்வரி என்று பெயர். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா வக்கீல். இவள் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறாள். சுற்றுலாக்காரர்கள் பார்க்காத உள்தெருக்களை நடந்து பார்த்துப் படம் போட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கோவில் தலைவர் மகேந்திரனிடம் கேட்டிருக்கிறாள். அவன், "எங்க பத்துமலை அண்ணன விட்டா யாருக்கு இந்தத் தெருவெல்லாம் தெரியும்?" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

காலை ஏழரைக்குத் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து நீளம் சொல்கிற ஒரு கருவி எல்லாவற்றோடும் வந்து நின்றாள்.

"இது எதுக்கும்மா?"

"லேசர் அங்கிள். எவ்வளவு ஒயரம்னு உடனே சொல்லிரும்."

"கம்பு இருக்கறப்ப இது எதுக்கு?"

"சும்மா, என் படத்துக்கு."

நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். கேள்விதான் ஓயாமல் கேட்டாள். இந்தத் தெருவுக்குப் பழைய பெயர் என்ன, இந்த வீட்டுக்கு ஏன் இரண்டு வாசல், இந்தச் சீன வீட்டில் ஏன் வாசலில் நம் விளக்கு இருக்கிறது. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு முறைத்தேன். கச்சாங் பூத்தே, அதாவது கடலையும் முறுக்கும், வறுக்கிற வீடுகள் வரிசையாக இருக்கிற தெருவில் நுழைந்ததும் எண்ணெய் வாசனையில் அவள் நின்றுவிட்டாள். ஒரு வீட்டிலிருந்து சூடான முறுக்கு வந்தது. இன்னொரு வீட்டு ஜன்னலிலிருந்து, "அண்ணே, தேரு எத்தன மணிக்கு எங்க வீட்டுக்கு வரும்?" என்று குரல் வந்தது.

"நாலு மணிக்குக் கெளம்பும். ஒங்க வீட்டுக்கு அஞ்சேகால்."

"மழ வந்தா?"

"மழகிட்ட கேளு லா."

விக்னேஸ்வரி சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்கிள், பக்கத்துத் தெருவுல எல்லாம் வீட்டுக்கு முன்னாடி தகரக் கூரய இழுத்து இழுத்துப் பாதிப் பாதைய மூடிட்டாங்க. தேர் போற தெருவுல மட்டும் வானம் தெரியுது. சட்டமா?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "சட்டமெல்லாம் இல்லம்மா. அம்மன் வர்ற வழியில யாரும் கூர போட மாட்டாங்க. சீனங்க, மலாய்க்காரங்க யாரும் போட மாட்டாங்க. சொல்லவே வேணாம்," என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்னச் சந்து இருக்கிறது, லோரோங் என்போம். பதினோரு வீடு. அதன் முனைக்கு வந்ததும் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக நடந்தேன்.

"இதுக்குள்ள போகலையா அங்கிள்?"

"இதுல போகாது. வயரு தாழ்வு."

அவள் நின்றாள். முனையில் குறுக்கே போகிற கேபிளைப் பார்த்து அந்தக் கருவியைத் தூக்கிப் பிடித்தாள். "பதிமூணு அடி மூணு அங்குலம்," என்றாள். "ஒங்க கம்பு பன்னெண்டரதானே. போகுமே அங்கிள்."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "முப்பத்தோரு வருஷம் வயரோட மல்லுக்கட்டினவன் நான். நீ நேத்து வாங்கின பெட்டிய வச்சுக்கிட்டு எனக்குச் சொல்றியா? இங்க ஒரு வயரு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சியா? வேணும்னா உள்ள போய்ப் பாரு!"

முகம் சுருங்கினாலும் அவள் உள்ளே போனாள். நான் முனையிலேயே நின்றேன். ஏனென்றால் அவள் சொன்னது சரி. அந்த வயர் என்றைக்கும் தாழ்ந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நான் சொன்ன பொய் அது.

அந்த லோரோங்கில் எட்டாவது வீடு என் தங்கச்சி மங்களம் வீடு. அவள் புருஷன் சீனி வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். வாய் கொஞ்சம் நீளம். மூன்று வருஷத்துக்கு முன் கோவில் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "வயரு பாக்கறவனுக்கு எதுக்கு லா மொத மால? கம்ப நட்டு வச்சு அதுக்கே போட்டுருவோமே!" என்றான். மண்டபமே சிரித்தது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மங்களமும் சிரித்தாள்.

சீனி சொன்னதை மறந்திருப்பேன். அவள் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையா குட்டியா எனக்கு? வருஷத்தில் ஒரு நாள் என் கழுத்தில் ஒரு மாலை விழுகிறது, அவ்வளவுதான். அதையும் சொந்தத் தங்கச்சி சிரிக்கிறாள் என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்துக் கமிட்டியில், "ஆத்தங்கர லோரோங்குல புதுக் கேபிள் தாழ்ந்து கெடக்கு. இந்த வருஷம் தேர் போகாது," என்றேன். யாரும் போய்ப் பார்க்கவில்லை. பத்துமலை டெலிபோன் ஆள், அவருக்குத் தெரியாதா என்று எழுதிக்கொண்டார்கள். மற்றப் பத்து வீட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அந்த வருஷம் மங்களம் அர்ச்சனைத் தட்டோடு லோரோங் முனைக்கு வந்து நின்றாள். மறு வருஷமும் வந்தாள், கையில் ஊன்றுகோல் இருந்தது. போன வருஷம் அவள் வரவில்லை, தட்டைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்தாள். மூன்று தடவையும் நான் அண்ணாந்து வயரைப் பார்த்தபடி அந்த முனையைத் தாண்டி நடந்தேன். இந்த ஜனவரியில் சர்க்கரை முற்றி முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு டின் மைலோவைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுப்பாமல் வந்துவிட்டேன். இந்த வருஷம் முனை வரைக்கும் அவளால் வர முடியாது. நான் 'போகும்' என்று சொன்னால் ரதம் அவள் வாசலுக்கே போகும். சொன்னால் மூன்று வருஷப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

விக்னேஸ்வரி திரும்பி வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "சாரி அங்கிள்," என்றாள். "நீங்க சொன்னது சரிதான். உள்ள போகாது. மூணு கூர குறுக்க இருக்கு. ஒண்ணு ஒம்பதடிகூட இல்ல."

எனக்குப் புரியவில்லை. "என்ன கூர?"

"தகரக் கூர. நீங்க பாத்ததில்லையா?"

மூன்று வருஷமாக அதற்குள் நான் கால் வைக்கவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாவது வீட்டு முன்னால் கம்பு 'டங்' என்று இடித்தது. சீனக் கிழவி ஆ லெங் வீடு. வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் பச்சைத் தகரம். சத்தம் கேட்டு வெளியே வந்தாள். புந்தோங்கிலேயே பிறந்து வளர்ந்தவள், நம்மைப் போலவே தமிழ் பேசுவாள்.

"என்ன அண்ணே, இடிக்கிறியா என் வீட்ட?"

"இது எப்பப் போட்டது?"

"ரெண்டு வருஷம் லா. ஒங்க தேரு இனிமே இங்க வராதுன்னு சொல்லிட்டாங்க. முன்ன மழையில சாமானெல்லாம் நனையும், நான் பேசாம இருப்பேன். ஒங்க சாமி வர்ற வழி. வராதுன்னா எனக்கு என்ன? போட்டேன்."

பொய்யாகச் சொன்னேன், தெரு அதை நம்பி மெய்யாக்கிவிட்டது. ஐந்தாவது வீட்டில் நவமணி அக்கா கச்சாங் பூத்தே வறுக்கிற அடுப்புக்குக் கூரை இழுத்திருந்தாள். லோரோங்கில் பட்டப்பகலில் இருட்டாக இருந்தது. கம்பைக் கீழே சாய்த்துப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. இப்போது சொந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரு வழியும் கிடைத்திருந்தது. இந்தப் பெண்ணே சாட்சி: போகாது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். அந்த எண்ணம் ஒரு நொடி வந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது கூரை எட்டாவது வீட்டில். அதன் நிழலில் சக்கர நாற்காலியில் மங்களம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வா அண்ணே," என்றாள், நேற்றுத்தான் வந்து போனவனைக் கூப்பிடுகிற மாதிரி. "சாப்டியா? கூட யாரு இந்தப் பொண்ணு?"

விக்னேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஏதோ படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஆற்றுப் பக்கம் போய்விட்டாள். புத்தியுள்ள பெண்.

"இந்தக் கூர எதுக்கு?" என்றேன். கேட்க எத்தனையோ இருக்க, அதுதான் வாயில் வந்தது.

"ஆஸ்பத்திரி வேன் வரும்போது மழையில நனையாம ஏறணும்ல. அவருதான் போட்டாரு. தேரு வராத தெருதானே."

கம்பைச் சுவரில் சாய்த்தேன். கூரை இடித்ததால் அது சரியாக நிற்கவில்லை. மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன். "மங்களம், அந்த வயரு தாழல. நான் வேணும்னே சொன்னேன்," என்றேன்.

அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். "தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே அவரு துணி காயப்போடுற கம்ப ரெண்டு சேத்துக் கட்டி அளந்துட்டாரு. கமிட்டிக்குப் போறேன்னு குதிச்சாரு. நாந்தான் விடல."

"ஏன்?"

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "போனா ஒங்கிட்டேருந்து கம்ப வாங்கிருவாங்கல்ல. அத விட்டா ஒனக்கு வேற என்ன இருக்கு? நானும் அன்னிக்குச் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிப்பு வந்திருச்சு, சிரிச்சிட்டேன். நீ திரும்பிப் பாத்த பாரு ஒரு பார்வ, வீட்டுக்கு வந்து அழுதேன்."

நான் அழுதேனா என்று கேட்டால் ஆமாம், அழுதேன். கையில் பன்னிரண்டரை அடிக் கம்பை வைத்துக்கொண்டு அழுவது ரொம்ப அசிங்கமாக இருக்கும், கண்ணைத் துடைக்க ஒரு கைதான் மிச்சம். மங்களம் கீரைக் கிண்ணத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "உக்காரு," என்றாள். அந்த வீட்டில் மூன்று வருஷத்துக்குப் பிறகு காப்பி குடித்தேன். சர்க்கரை போடாத காப்பி.

மறுநாள் சாயங்காலம் கமிட்டிக் கூட்டம். மகேந்திரன் வழக்கம்போல், "அண்ணே, எது எது போகும், எது எது போகாது, சொல்லுங்க," என்று பேனாவைத் திறந்தான். கம்பை மேசை மேல் நீளவாக்கில் வைத்தேன். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"என்னண்ணே இது," என்றான் மகேந்திரன், பேனாவை மூடிவிட்டு. "ஒங்க வார்த்தைய நம்பித்தானே இத்தன வருஷம் தேர இழுத்தோம்."

"அதனாலதான் கம்ப வச்சிட்டேன்."

"சரி, யாருகிட்ட குடுக்கறது?"

"சீனிகிட்ட குடுங்க. அளந்து பாத்திருக்கான். தெரிஞ்சும் என்ன ஊருக்கு முன்னாடி நிக்க வைக்கல."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சீனி எழுந்தான். "எனக்கு வேணாம் மச்சான். அன்னிக்கு நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"ஒனக்கு வேணுமான்னு யாரு கேட்டா? புடி," என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கோபம் ஒரே நாளில் போய்விடுமா?

திருவிழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. ரதம் உள்ளே போக மூன்று கூரையும் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கமிட்டி எனக்குத்தான் கொடுத்தது, நியாயம்தான். ஆ லெங் கேட்டுவிட்டு, "அண்ணே, நீ ரொம்ப மோசம் லா," என்றாள், ஸ்பேனரையும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். நவமணி அக்கா அவ்வளவு லேசில் விடவில்லை. பொய் சொன்ன வருஷம்தான் அவள் பேத்தி தினேஸ்வரி பிறந்திருக்கிறாள். எங்கள் கோவிலில், புதிதாகப் பிறந்த குழந்தையை அதன் முதல் திருவிழாவில் ரதத்துக்குத் தூக்கிக் கொடுத்து அம்மன் மடியில் வைத்து வாங்குவார்கள்.

"எம் பேத்திய வைக்க முடியாமப் போச்சே! முனையில கூட்டத்துல புள்ளயத் தூக்கிட்டு நிக்க முடியல, திரும்பி வந்துட்டேன். அதத் திருப்பிக் குடுப்பியா நீ?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். நான் ஆணியைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். கத்தி முடித்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மங்களம் வீட்டுக் கூரையைச் சீனி கழற்றவில்லை. இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து கீல் வைத்து, கதவு மாதிரி மேலே தூக்கி மடிக்கிற மாதிரி ஆக்கிவிட்டான். வேன் வரும்போது இறக்கலாம், அம்மன் வரும்போது தூக்கலாம். நான் போல்ட்டை முடுக்கினேன், அவன் பற்றவைத்தான். இரண்டு நாளும் "அந்தப் பக்கம் புடி", "போதும்" இரண்டைத் தவிர நாங்கள் வேறு பேசிக்கொள்ளவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

திருவிழா அன்று கோவில் வாசலில் முதல் மாலை சீனி கழுத்தில் விழுந்தது. பார்க்கக் கஷ்டமாக இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். கூட்டத்தோடு நிற்காமல் குறுக்குச் சந்து வழியாக நடந்து மங்களம் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஆ லெங் ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்து மேசை போட்டிருந்தாள். விக்னேஸ்வரி அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றாள். லோரோங் முழுக்க வெயில் விழுந்தது. என் இரண்டு கையும் சும்மா இருந்ததால் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணி இருக்கும். மேளச் சத்தம் முனைக்கு வந்து நின்றது. மஞ்சள் துணி மட்டும் முதலில் தெரிந்தது. சீனி அந்த வயருக்குக் கீழே நின்று கம்பை நிமிர்த்தி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான், மடையன், முக்கால் அடி இடைவெளி இருக்கிறது. அப்புறம் கத்தினான்.

"போகும்!"

ரதம் திரும்பியது. பத்தொன்பது வருஷம் அதற்கு முன்னால் நடந்திருக்கிறேன். அம்மனுக்கு முதுகைக் காட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு. ரதம் எதிரே வருவதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கு, மாலை, அதற்கு நடுவில் அந்த முகம். நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றியபோது பார்த்த அதே முகம்.

நவமணி அக்கா வீட்டு முன்னால் மூன்று வயதுப் பேத்தியைத் தூக்கி நீட்டினாள். வழக்கத்தில் இல்லாததுதான். பூசாரி ஒன்றும் கேட்காமல் வாங்கி அம்மன் மடியில் உட்காரவைத்தார். பிள்ளை ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது.

ரதம் எங்கள் வாசலில் நின்றது. மங்களம் தட்டை என்னிடம் கொடுத்தாள். "நீ குடுண்ணே. எனக்கு எட்டாது."

தேங்காய், பழம், வெற்றிலை, சூடம். கையை உயர்த்தி நீட்டினேன். பூசாரி குனிந்து வாங்கி, "யாரு பேருக்கும்மா?" என்று கீழே பார்த்துக் கேட்டார். தங்கச்சி பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

"பத்துமலை. அனுஷ நட்சத்திரம்."

பூசாரி சிரித்தார். "வருஷா வருஷம் இதே பேருதானேம்மா. முனையில வந்து நின்னப்பவும் இதேதான சொன்னே," என்று மணியை எடுத்தார்.

நான் மங்களத்தைப் பார்த்தேன். அவள் கையைக் கூப்பி மேலே அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.